எழ மறுத்த கணினி

நயினாதீவுக்குப் போகிறவர் யாழ்ப்பாணப் பட்டினத்தில் பஸ் ஏறி, பண்ணைத் தாம்போதியைக் கடந்து, வேலணையையும் புங்குடுதீவையும் தாண்டிக் குறிகட்டுவான் இறங்குதுறையை அடைகிறார். அதுவரையும் தரைவழி, அதற்கப்பால் கடல். தோணி இக்கரையில் நின்றால் ஏறிப்போய் அம்மனைத் தரிசிக்கலாம். தோணி அக்கரையிலே கட்டுண்டு கிடக்குமாயின், பட்டினத்திலிருந்து எத்துணை விரைவாக வந்தவரும் துறைப்படியில் நின்று அலையை எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதுதான். லினக்ஸ் எனப்படும் கணினி முறைமையின் கருனியைத் தம் கையாலேயே தொகுத்து நிறுவுகிறவர்களுள் பலர் முதன்முதலில் எதிர்ப்படுகின்ற இடரும் இந்தக் குறிகட்டுவான் இடரேயாகும்.

கருனி என்பது யாது? கணினியை முடுக்கியது முதல் அணைக்கும் வரையில், திரை, விசைப்பலகை, வட்டு, நினைவகம் ஆகிய உறுப்புக்களுக்கும் மனிதர் பயன்படுத்துகின்ற செயலிகளுக்கும் இடையே நின்று பங்கீடு செய்கின்ற உள்ளீடான நிரலே கருனி. ஆங்கிலர் இதற்கு இட்ட பெயரும் கொட்டைக்குள் இருக்கும் பருப்பைக் குறிக்கின்ற சொல்தான். பின்லாந்து தேசத்தின் தலைநகராகிய ஹெல்சிங்கியில் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் பொழுதுபோக்காக ஒரு பணிசெயல் முறைமையை ஆக்கிக்கொண்டிருப்பதாக 1991 ஓகஸ்ட் 25ஆம் திகதி அறிவித்தார். அடுத்த மாதத்தில் வெளிவந்த முதற்பதிப்பில் ஏறக்குறைய 10,000 வரிகள் இருந்தன; இன்று 3 கோடி வரிகளுக்கும் மேல். அதே 1991இல் யாழ்ப்பாணக் குடாநாட்டார் மின்சாரமின்றி, ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, கிடைத்த சிறிதளவு மண்ணெண்ணெயை அதில் ஊறவிட்டுத் திரியேற்றிய விளக்கின் ஒளியில் இருந்தார்கள். அந்த விளக்கிலே பாடம் படித்தவர்களின் பிள்ளைகள் இன்று அக்கருனியின் மூலநிரலை இறக்கி, தங்கள் கணினிக்கு ஏற்பத் திருத்தித் தொகுக்கிறார்கள். 1992 முதல் அது குனூ பொது உரிமத்தின் கீழ் இருப்பதனால், எவரும் அதனைப் பெறலாம், படிக்கலாம், மாற்றலாம். எவரிடமும் அனுமதி கேட்க வேண்டுவதில்லை.

தொகுக்கலாம் என்பது சரி. தொகுத்தபின் கணினி எழும்பாவிட்டால் என்ன செய்வது?

கோண்டாவிலில் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளலாம். அவ்வீட்டில் ஒரேயொரு மடிக்கணினி. கனடாவில் இருக்கும் மாமன் தாம் பாவித்தபின் அனுப்பியது. மின்கலம் செத்துப் பல வருடங்களாயிற்று. சுவரிலே செருகியிருந்தால் மாத்திரம் இயங்கும். மூத்த மகன் கணினி விஞ்ஞானம் படிக்கிறவன். தங்கை உயர்தரப் பரீட்சைக்குத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தை ஒரு பாடமாக எடுத்திருக்கிறாள். அவளுடைய செயற்றிட்டம் அந்த வட்டிலே இருக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் நாவற்குழிப் பாலத்தினூடாகத் தென்மராட்சிக்குப் பெருந்திரளாய் இடம்பெயர்ந்த அந்த மழை இரவில், பாட்டனார் பொலித்தீன் பையில் சுற்றி மடியிலே கட்டிக்கொண்டு போன காணி உறுதியும், பிறப்புப் பத்திரங்களும், பத்துப் பன்னிரண்டு புகைப்படங்களும் நகலெடுக்கப்பட்டு அதே வட்டில் சேமிக்கப்பட்டுள்ளன. மூலத்தாள்கள் ஈரத்தில் ஒட்டி, மையூறிக் கிடக்கின்றன. நகலே இப்போது வாசிக்கத் தக்கதாயிருக்கிறது.

மகன் கருனியைத் தொகுக்க முனைந்ததற்குப் பெரிய நோக்கம் ஒன்றுமில்லை. புதிதாக வாங்கிய கம்பியில்லா இணைய இணைப்புத் துண்டுக்கு வேண்டிய செலுத்தி பழைய கருனியில் இல்லை, புதியதில் உண்டு. அவ்வளவே. வீட்டுக் கணினியில் தொகுத்தால் பல மணித்தியாலங்கள் செல்லும். நடுவே மின்சாரம் நின்றால் எல்லாம் வீண். ஆகையால் திருநெல்வேலியில் இருக்கும் தோழனின் புதிய மடிக்கணினியில் அவ்வேலையைச் செய்தான்.

இங்கே ஒரு விளக்கம் வேண்டும். கருனியைத் தொகுக்குமுன் பதினாயிரத்துக்கு மேற்பட்ட தெரிவுகளுக்கு விடை சொல்லவேண்டும். ஒவ்வொரு செலுத்தியையும் கருனியின் உடலிலேயே பொதிப்பதா, வேண்டும்போது ஏற்றத்தக்க தனிக்கூறாக வைப்பதா, அறவே விடுவதா என்பதே கேள்வி. இத்தனைக்கும் ஒருவன் விடை சொல்லிக்கொண்டிருக்க முடியாதாகையால், 'லோக்கல்மொட்கொன்பிக்' என்றொரு குறுக்கு வழி உண்டு. அது, அந்த நேரத்தில் அந்தக் கணினியில் எந்தெந்தக் கூறுகள் ஏற்றப்பட்டிருக்கின்றனவோ அவற்றை மாத்திரம் எடுத்துக்கொண்டு மற்றவற்றைக் கழித்துவிடும். பல மணித்தியால வேலை சில நிமிடங்களில் அடங்கும். நல்ல வழிதான், ஆனால் 'அந்தக் கணினியில்' என்ற சொல்லை மகன் கவனிக்கவில்லை. தோழனின் கணினியில் இருப்பது 'என்விஎம்ஈ' எனப்படும் புதுவகை வட்டு. வீட்டுக் கணினியில் இருப்பது 'சாட்டா' எனப்படும் பழைய வகை. தோழனின் சட்டைக்கு அளவெடுத்துத் தனக்குத் தைத்துக்கொண்ட கதை இது.

தொகுத்து முடிந்தது. பொதியைப் பென்டிரைவில் எடுத்துவந்து வீட்டுக் கணினியில் நிறுவினான். மீளத் தொடக்கினான். ஆங்கில வரிகள் திரையிலே ஓடின, சற்று நின்றன, கடைசியில் ஒரு சிறு தூண்டுகுறி துடித்தது. ஏதோ கேட்கிறது என்று எண்ணி, 'எக்சிற்' என்று அடித்தான். மேலும் சில வரிகள். மீண்டும் அடித்தான். மூன்றாம் முறையோ நான்காம் முறையோ, திரை நிறைய எண்கள் கொட்டி, 'கேர்னல் பானிக், நொட் சிங்கிங்' என்ற வாசகத்தோடு கணினி உறைந்துபோயிற்று. பக்கத்தில் நின்ற தாயார், "தம்பி, உறுதி உதுக்குள்ளைதானே கிடக்கு?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் பட்டினத்தில் ஒரு திருத்தும் கடையில் கிடைத்த ஆலோசனை குடாநாட்டில் மட்டுமன்று, எங்கும் கிடைக்கத்தக்கதே: "தம்பி, போர்மற் பண்ணிப் புதிதாய்ப் போட்டுவிட்டால் ஒரு மணித்தியாலத்தில் வேலை முடிந்துவிடும்." கடைக்காரர் பொய் சொல்லவில்லை. கணினி ஒரு மணித்தியாலத்தில் எழும்பும். உறுதியும் செயற்றிட்டமும் புகைப்படங்களும் எழும்பமாட்டா.

இந்த இடத்தில்தான் அந்தப் பயங்கரமான வாசகத்தின் பொருளை நிதானமாக நோக்கவேண்டும். 'பானிக்' என்ற சொல் கிரேக்கர்களின் காட்டுத் தெய்வமாகிய பான் என்பவனின் பெயரிலிருந்து பிறந்தது. தனி வழியில் போகிறவர்களுக்குக் காரணமின்றி உண்டாகும் திகிலை அவன் உண்டாக்குவதாக அவர்கள் நம்பினார்கள். கருனியின் திகிலோ காரணமற்றதன்று. மேற்கொண்டு ஓடினால் தீங்கு விளையும் என்று கண்ட கருனி, தானே தன்னை நிறுத்திக்கொள்கிறது. அடுத்து வரும் 'நொட் சிங்கிங்' என்பதன் கருத்து யாதெனில், நினைவகத்தில் எழுதாமல் எஞ்சியிருப்பது எதனையும் வட்டிலே எழுதமாட்டேன் என்பதாம். தன் நிலையைத் தானே நம்பமுடியாதபோது, வட்டில் கைவைத்தால் அங்குள்ளதும் கெடும் என்று கையை எடுத்துக்கொள்கிறது. கோண்டாவில் வீட்டுக் கணினியிலோ வட்டு திறக்கப்படவே இல்லை. கருனி அதனைக் காணவே இல்லை. ஆகையால், அந்தக் கரிய திரைக்குப் பின்னால் காணி உறுதி முன்னிருந்தபடியே பத்திரமாக இருந்தது. வட்டுக்கு வரக்கூடிய உண்மையான அபாயம் திரையில் இல்லை. 'போர்மற்' செய்யும் கையில் இருந்தது. திகிலிலும் கருனி காட்டுகிற இந்தக் கட்டுப்பாடு மனிதரிடத்தில் எளிதாகக் காணப்படுவதில்லை.

இனி, கணினி எழுகின்ற ஒழுங்கைப் பார்க்கலாம். இதனை ஆங்கிலத்தில் 'பூட்' என்பர். சொந்தச் சப்பாத்தின் வாரைப் பிடித்துத் தன்னைத் தானே தூக்குவது என்ற கருத்திலிருந்து வந்த சொல். தன் தோளில் தானே ஏறுவது என்று தமிழில் சொன்னால் அதன் இடர்ப்பாடு விளங்கும். ஒருவராலும் முடியாத அக்காரியத்தைக் கணினி ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாற்றி மாற்றிச் சாதிக்கிறது. மின்சாரம் வந்தவுடன் விழிப்பது தாய்ப்பலகையில் உறைகின்ற நிலைபொருள். அது தொடக்க ஏற்றியை அழைக்கிறது. லினக்சில் பெரும்பாலும் 'கிரப்' என்பது அதன் பெயர். கிரப் இரண்டு கோப்புக்களை நினைவகத்தில் ஏற்றுகிறது: ஒன்று கருனி; மற்றையது 'இனிட்ராம்எப்எஸ்' எனப்படும் தற்காலிகச் சிறு மூட்டை. கருனி விரிந்து எழுந்து, வட்டிலுள்ள மூலக் கோப்பு முறைமையைத் தேடுகிறது. அது கிடைத்ததும் முதலாம் இலக்கச் செயலைத் தொடக்கி, எஞ்சியதை அதனிடம் ஒப்படைக்கிறது.

மூட்டை எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். வட்டை வாசிக்கும் செலுத்தி வட்டிலேயே இருக்கிறது. வட்டை வாசித்தாலன்றிச் செலுத்தியை எடுக்க முடியாது. செலுத்தி இல்லாமல் வட்டை வாசிக்க முடியாது. தோணி அக்கரையில்! இதற்காகவே, பஸ்ஸின் கூரையில் ஒரு சிறு தோணியைக் கட்டிக் குறிகட்டுவானுக்குக் கொண்டுவருவது போல, வேண்டிய செலுத்திகளை அந்த மூட்டையில் கட்டிக் கருனியோடு கூடவே கிரப் ஏற்றிவிடுகிறது.

எழும்பாத கணினியைப் பரிசோதிப்பவர் கேட்கவேண்டிய முதற் கேள்வி, கைமாறல் எந்த இடத்தில் அறுந்தது என்பதே. அதற்கு விடை திரையில் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் கடைசி வரியில் அன்று, முதல் முறைப்பாட்டில். கோண்டாவில் மகன் கண்ட திகில் வாசகம் அவன் திரும்பத் திரும்ப 'எக்சிற்' அடித்ததனால் விளைந்தது. முதலாம் செயலை அவன் தன் கையாலேயே முடித்துவைத்தான். உண்மையான முறைப்பாடு அதற்கு முன்னமே ஓடி மறைந்துவிட்டது.

கடையிலிருந்து மடிக்கணினியை மீட்டுக்கொண்டு வந்தவன் அன்றிரவு செய்தது மிக எளிய காரியம். கணினியை முடுக்கி, கிரப் பட்டியலில் மேலதிகத் தெரிவுகள் என்ற வரியைத் திறந்தான். பட்டியல் தானாகத் தோன்றாத கணினிகளில் தொடக்கத்திலேயே ஷிப்ட் அல்லது எஸ்கேப் விசையை அழுத்தவேண்டும். அங்கே புதிய கருனியும் பழைய கருனியும் அடுத்தடுத்து நின்றன. பழையதைத் தெரிந்தான். கணினி எழுந்தது. தாயார் உறுதியைத் திறந்து காட்டச் சொல்லி, பார்த்துவிட்டு, அடுப்படிக்குப் போய்விட்டார். புதிய கருனியை நிறுவுவது பழையதை அகற்றுவது ஆகாது. இரண்டும் வெவ்வேறு பெயரோடு அருகருகே இருக்கலாம், இருக்கவும் வேண்டும். இதனை அறியாமல், இடம் போதாதென்று பழையதை முதலில் நீக்கிவிட்டுப் புதியதைப் போடுகிறவர்கள் பலர்.

பிறகு அவன் புதிய கருனியை மீண்டும் ஒருமுறை தொடக்கினான். இம்முறை திரையைப் படிப்பதற்காக. கிரப் பட்டியலில் அதன்மேல் நின்று 'ஈ' விசையை அழுத்தினால், கருனிக்குச் சொல்லி அனுப்புகிற வரி திருத்துவதற்குத் திறக்கும். அதிலுள்ள 'குவையற்', 'ஸ்பிளாஷ்' என்னும் இரு சொற்களையும் எடுத்துவிட்டால் அலங்காரப் படம் மறைந்து எல்லா வரிகளும் வெளிப்படும். அத்திருத்தம் அந்த ஒருமுறைக்கு மாத்திரமே செல்லும்; எதனையும் நிரந்தரமாக மாற்றாது. இப்பொழுது முதல் முறைப்பாடு தெளிவாகத் தெரிந்தது: மூலக் கோப்பு முறைமை இருக்கும் சாதனத்துக்காகக் காத்திருந்து களைத்துவிட்டேன், இன்ன அடையாள எண்ணுடைய வட்டுப் பகுதி இல்லை, ஆகையால் ஒரு சிற்றாணைத்தளத்தில் உன்னை விடுகிறேன் என்று அந்த வரிகள் சொல்லின. முன்னாளிரவு துடித்த தூண்டுகுறி அதுதான். அது கேள்வியன்று, உதவி. அங்கிருந்தே சாதனங்களின் பட்டியலைப் பார்க்கலாம். பார்த்தான். வட்டின் பெயராகிய 'எஸ்டிஏ' அங்கே இல்லை.

வட்டு பழுதில்லை, பழைய கருனி அதனை வாசிக்கிறது. ஆகவே குறை புதிய கருனியின் செலுத்தியில். பழைய கருனிக்குத் திரும்பி, 'எல்எஸ்பிசிஐ' என்ற ஆணையால், வட்டுக் கட்டுப்படுத்தியை எந்தச் செலுத்தி ஆளுகின்றது என்று கேட்டான். 'ஏஎச்சிஐ' என்று விடை வந்தது. புதிய கருனியின் தெரிவுக் கோப்பில் அதனைத் தேடினான். வேண்டாவென்று விடப்பட்டிருந்தது. தோழனின் கணினியில் அதற்கு வேலையில்லை. குறுக்கு வழி அதனைக் கழித்துவிட்டது.

ஒரு தெரிவை மாற்றி மறுபடி தொகுப்பது முதல் முறை போல நெடுநேரம் பிடிப்பதில்லை. மாறிய பகுதியே புதிதாகத் தொகுக்கப்படும். மறுநாள் புதிய பொதி வந்தது. மீண்டும் அதே சிற்றாணைத்தளம்! மகனுக்குச் சலிப்புத் தட்டியது இயல்பே. ஆயினும் இம்முறை கருனியின் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தபோது ஒரு மாற்றம் இருந்தது. சாட்டா இணைப்பு உயிர்பெற்றது என்றும், வட்டின் ஆக்கியோன் பெயரும் மாதிரி இலக்கமும் இன்னவையென்றும் வரிகள் இருந்தன. முதல் நாளில் அவை இல்லை. வட்டு கண்டுகொள்ளப்பட்டிருக்கிறது; எனினும் 'எஸ்டிஏ' என்ற பெயரோடு பயன்பாட்டுக்கு வரவில்லை. தோணி கடலைக் கடந்துவிட்டது. அக்கரையில் இறங்குதுறை இல்லை. கட்டுப்படுத்திக்கு ஒரு செலுத்தி போல, வட்டை வட்டாகக் கையாளுவதற்கு 'எஸ்டி' என்றொரு தனிக்கூறு உண்டு. அதுவும் தோழனின் கணினியில் ஏற்றப்பட்டிருக்கவில்லை. இதிலொரு வேடிக்கை. பென்டிரைவும் அதே எஸ்டி கூற்றினாலேயே ஆளப்படுகிறது. தெரிவுப் பட்டியலை எடுக்கும் நேரத்தில் அந்தப் பென்டிரைவ் தோழனின் கணினியில் செருகப்பட்டிருந்தால், அக்கூறு பட்டியலில் ஏறியிருக்கும். இரண்டாவது இடர் நேர்ந்தே இராது. வேலையெல்லாம் முடிந்து பொதியைப் பிரதி செய்யும்போதுதான் அவன் பென்டிரைவைச் செருகினான்.

இதற்கு முறையான வழி முன்னமே இருக்கிறது. எந்தக் கணினிக்குத் தொகுக்கிறோமோ அந்தக் கணினியில், வழக்கமாகப் பாவிக்கின்ற எல்லாவற்றையும் செருகிவைத்து, 'எல்எஸ்மொட்' தருகின்ற கூறுகளின் பட்டியலை ஒரு கோப்பில் எழுதி, அதனைத் தொகுக்கும் கணினிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தால், குறுக்கு வழி அந்தப் பட்டியலின்படியே கழிக்கும். தையற்காரனிடம் உரிய சட்டையைக் கொண்டுபோவது போன்றது.

எல்லார்க்கும் இதே இடர்தான் வரும் என்பதில்லை. தற்காலிக மூட்டையே ஆக்கப்படாமலிருந்தால், அல்லது அரைகுறையாக எழுதப்பட்டிருந்தால், சிற்றாணைத்தளமும் கிடைக்காது. நேராகத் திகில் வாசகந்தான் வரும். மூலக் கோப்பு முறைமையை ஏற்ற முடியவில்லை, 'அன்னோன் புளொக்' சுழியம், சுழியம் என்று அது முடியும். அடைப்புக்குள் இருக்கும் இரு எண்களும் சாதனத்தின் முகவரி. இரண்டும் சுழியமாயின் கருனி எந்த வட்டையும் காணவில்லை என்பது பெரும்பாலும் பொருள். எட்டு, ஒன்று என்றாற்போல வேறு எண்கள் நின்றால், வட்டைக் கண்டது, ஆனால் அதிலுள்ள கோப்பு முறைமையின் மொழி தெரியவில்லை என்று கொள்ளலாம். 'ஈஎக்ஸ்ரி4' போன்ற கோப்பு முறைமையின் செலுத்தி விடுபட்டிருக்கும். பார்ப்பவர்கள் இவ்வெண்களைக் கடந்து போய்விடுகிறார்கள். நோயாளியின் நாடி அங்கேதான் இருக்கிறது.

மூட்டை அரைகுறையாவதற்குக் குடாநாட்டில் நன்கு அறிமுகமான ஒரு காரணம் உண்டு. 2022 மார்ச் மாத முடிவில் இலங்கை முழுவதும் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் நிறுத்தப்பட்டது. மின்கலம் செத்த கணினியில் மூட்டை எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் கணத்தில் மின்சாரம் போனால், கோப்பு பாதியில் நிற்கும். அடுத்த முறை கருனி அதனை அவிழ்க்க முடியாமல் தடுமாறும். மற்றொரு காரணம் இடமின்மை. தொடக்கக் கோப்புக்களுக்கென்று சிறு பகுதியொன்றைத் தனியே ஒதுக்கியிருக்கும் வட்டுக்களில், தாமே தொகுத்த கருனியின் கூறுகள் பிழைதேடும் குறிப்புக்களைச் சுமந்தபடியே நிறுவப்பட்டால், சில பத்து மெகாபைற்றில் அடங்கவேண்டிய மூட்டை பல நூறு மெகாபைற்றாக வீங்கிப் பகுதியை நிரப்பிவிடும். நிறுவும்போதே அக்குறிப்புக்களைச் சீவி எறியும்படி சொல்லும் வழி உண்டு. நிறுவல் ஓடுகையில் 'இடமில்லை' என்றொரு வரி நடுவே வந்து போயிருக்கும்; அதனை எவரும் வாசிப்பதில்லை.

கிரப் நிலையிலேயே நின்றுவிடுகிற கணினிகளும் உண்டு. 2012ஆம் ஆண்டளவிலிருந்து வரும் கணினிகளில், ஒப்பமிடப்படாத கருனியை ஏற்க மறுக்கும் காவல் ஏற்பாடு உள்ளது. சொந்தமாகத் தொகுத்த கருனிக்கு ஒப்பம் இராது. ஒப்பம் பிழை என்று சொல்லி வாயிலில் நிறுத்திவிடும். நிலைபொருளின் அமைப்பில் அக்காவலை நீக்கலாம். அல்லது சொந்தத் திறப்பொன்றை ஆக்கிப் பதிந்து, கருனிக்கு ஒப்பமிடலாம். பின்னையது சிரமம், ஆனால் மேலானது.

திரை முற்றிலும் கறுத்துவிட்டால் உடனே கணினி செத்ததென்று முடிவுகட்டலாகாது. விசைப்பலகையில் 'கப்ஸ் லொக்' விசையை அழுத்திப் பார்க்கவேண்டும். அதன் சிறு விளக்கு அழுத்தத்துக்கேற்ப எரிந்து அணையுமாயின் கருனி உயிரோடிருக்கிறது. திரைச் செலுத்தி மட்டும் இல்லை. விளக்கு தானாகவே விட்டுவிட்டு மின்னுமாயின், காணமுடியாத அத்திரையில் திகில் வாசகம் நிற்கிறதென்று அறியலாம். முன்னையதற்கு, கிரப் வரியில் 'நோமோட்செற்' என்ற சொல்லைச் சேர்த்துத் தொடக்கினால் பெரும்பாலும் எழுத்தாவது தெரியும்.

பழைய கருனி இல்லாதவர் என்ன செய்வது? அவருக்கும் வட்டை அழிக்க வேண்டிய தேவை இல்லை. லினக்ஸ் முறைமையை ஒரு பென்டிரைவில் எழுதி, அதிலிருந்து கணினியை எழுப்பலாம். வீட்டு வட்டை அதன்கீழ் ஏற்றி, சாதனங்களின் வழிகளையும் இணைத்து, 'சிஎச்ரூட்' என்ற ஆணையால் வட்டிலுள்ள முறைமைக்குள்ளேயே புகுந்துவிடலாம். பூட்டிய வீட்டுக்குள் கொல்லைப்புறமாக இறங்கி, முன்கதவின் தாழ்ப்பாளை உள்ளிருந்து திறப்பது போன்ற வேலை. உள்ளே போய் விநியோகத்தின் கருனிப் பொதியை மீள நிறுவி, மூட்டையைப் புதிதாகக் கட்டி, கிரப் பட்டியலைப் புதுப்பித்து வெளியே வரவேண்டும். அதற்கு முன், அதே பென்டிரைவ் முறைமையிலிருந்து முக்கியமான கோப்புக்களை வேறொரு வட்டுக்குப் பிரதி செய்துகொள்வது எல்லாவற்றிலும் முதல் வேலையாக இருக்கவேண்டும். திருத்தும் கடைகளில் ஒரு மணித்தியாலத்தை மிச்சம் பிடிப்பதற்காகத் தவிர்க்கப்படுவது பெரும்பாலும் இந்த ஒன்றுதான்.

கோண்டாவில் வீட்டில் மூன்றாம் முறை புதிய கருனி எழுந்தது. இணைப்புத் துண்டு இணையத்தைப் பிடித்தது. ஒலி மாத்திரம் வரவில்லை; தோழனின் கணினியின் ஒலிச் செலுத்தி வேறு. அது மற்றொரு நாள் வேலை என்று மகன் விட்டுவிட்டான். அன்றிரவு தங்கை தன் செயற்றிட்டத்தை இரண்டு பென்டிரைவுகளில் எடுத்துக்கொண்டாள். காணி உறுதியின் நகல் கனடாவுக்கும் போயிற்று. கிரப் பட்டியலில் பழைய கருனி இரண்டாவது வரியில் அப்படியே இருக்கிறது.